மணவாளக்குறிச்சியின் கருமணல்: ஒரு கடற்கரைப் பேரூரின் தொழில் வரலாறு

கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம் வட்டத்தில், முட்டத்துப் பாறைமுனைக்கும் குளச்சல் துறைக்கும் இடையே, வள்ளியாறு கடலோடு கலக்கும் பகுதியை ஒட்டி அமைந்துள்ள மணவாளக்குறிச்சி, அளவில் இன்றும் ஒரு பேரூராட்சியே ஆகும். கடலோரத்தில் மீனவர் குடியிருப்புகளும், உள்ளே தள்ளித் தென்னந்தோப்புகளும் வயல்களும் குளங்களுமாக நாட்டுப்புறத் தோற்றம் மாறாத இவ்வூர், கடந்த நூறாண்டுகளுக்கும் மேலாக உலகத் தாதுச் சந்தையில் பெயர்பெற்ற ஒன்றாக இருந்து வருகிறது. பெர்லினின் விளக்குத் தொழிலும், லண்டனின் வேதிப்பொருள் வணிகமும், அமெரிக்காவின் வண்ணப்பூச்சுத் தொழிலும், விடுதலை பெற்ற இந்தியாவின் அணுசக்தித் துறையும் ஒன்றன்பின் ஒன்றாக இந்தக் கடற்கரையின் கருமணலை நாடி வந்தன. அந்த மணலின் மதிப்பு ஒவ்வொரு காலத்திலும் தொலைவில் இருந்த ஒரு தேவையால்தான் தீர்மானிக்கப்பட்டது என்பதும், மணலின் மேல் வாழ்ந்தவர்கள் அந்தத் தீர்மானத்தில் ஒருமுறைகூட முழுப் பங்கு பெற்றதில்லை என்பதும் இவ்வூரின் வரலாற்றை ஆராய்வோர் காணத் தவறக்கூடாத இரு செய்திகளாகும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் உள்ள சார்னோகைட், கோண்டலைட் முதலான பாறைகள் பல கோடி ஆண்டுகள் பழமை வாய்ந்தவை. வெப்பமும் மழையும் மிகுந்த நிலப்பகுதியில் இப்பாறைகள் நெடுங்காலம் சிதைந்து பொடியானபோது, எளிதில் கரையாத கனத்த தாதுக்கள் மட்டும் மணிமணியாக எஞ்சி, ஆறுகளின் வழியே கடலுக்கு வந்து சேர்ந்தன. சாதாரண வெண்மணலின் பெரும்பகுதியான குவார்ட்ஸ் தண்ணீரைப் போல் 2.65 மடங்கு கனமுள்ளது. டைட்டானியமும் இரும்பும் சேர்ந்த கருநிறத் தாதுவான இல்மனைட் ஏறக்குறைய 4.7 மடங்கும், தோரியத்தையும் அருமண் தனிமங்களையும் தன்னுள் கொண்ட தேன்நிற மோனசைட் 5 மடங்குக்கு மேலும் கனமுள்ளவை. இந்தக் கன வேறுபாட்டைப் பயன்படுத்திக் கடல் அலையே முதற்கட்டப் பிரிப்பைச் செய்து விடுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும்போது உயர்ந்தெழும் அலைகள், சுளகில் தவசம் புடைக்கும்போது உமி விலகி மணி நிற்பதுபோல, எடை குறைந்த வெண்மணலை வாரிக்கொண்டு போய்விட, கனத்த கருமணல் கரையில் படிந்து நிற்கிறது. கடலுக்குள் நீண்டு நிற்கும் முட்டம் போன்ற பாறைமுனைகள் கரையோர மணல் நகர்வைத் தடுத்து, இப்படிவு ஓரிடத்தில் தங்குவதற்குத் துணை செய்கின்றன. சின்னவிளை, பெரியவிளை, புதூர் முதலிய ஊர்களின் கரையில் வெறுங்கண்ணுக்கே தெரியும் கருமை இவ்வாறு உண்டானது.

இல்மனைட், மோனசைட் ஆகிய இரண்டோடு, டைட்டானியம் மிகுந்த ரூட்டைல், பீங்கான் ஓடுகளுக்கும் வார்ப்படத் தொழிலுக்கும் தேவையான சிர்கான், தீத்தாங்கும் செங்கல்லுக்கு உதவும் சிலிமனைட், தேய்ப்புத்தாளுக்கும் பட்டை தீட்டுவதற்கும் பயன்படும் செந்நிறக் கார்னெட் ஆகியவையும் இம்மணலில் கலந்துள்ளன. பயன் இன்னதென்று தெரியாத காலத்தில் இவை யாவும் காலில் சுடும் கருமணல் மட்டுமே. 1741இல் டச்சுப் படையைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை குளச்சலில் முறியடித்தபோது, இப்பகுதிக் கடற்கரையின்மேல் ஐரோப்பியர் கொண்டிருந்த ஆசை முழுவதும் மிளகின் பொருட்டே இருந்தது.

கருமணல் உலகின் கண்ணில் பட்டது கயிற்றின் வழியாகவே. தென் திருவிதாங்கூரின் கடற்கரைகளில் தேங்காய் மட்டையை, வட்டார வழக்கில் கதம்பையை, ஆற்றுமுகத்திலும் காயலிலும் பல மாதங்கள் ஊறப்போட்டு, அழுகிய பின் அடித்துத் தும்பாக்கி, பெண்கள் கயிறாகத் திரிப்பது பழந்தொழில். நீரின் அடியில் கிடக்கும் மணலோடும் கரையில் உலர்த்தும் மணலோடும் கலந்தே இத்தும்பு உருவாவதால், கப்பலேறும் கயிற்றுக் கட்டுகளில் அந்த மணலும் ஒட்டிக்கொண்டு போவது இயல்பு. இவ்வாறு ஐரோப்பாவுக்கு இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த துகள்களை ஆராய்ந்த சி. டபிள்யூ. ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர், அவற்றில் மோனசைட் இருப்பதை 1909இல் கண்டறிந்தார். சரக்கு வந்த வழியைத் தேடித் திருவிதாங்கூருக்கு வந்த அவர், அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலையொன்றை நிறுவினார். பின்னர்க் கொல்லத்துக்கு வடக்கே உள்ள சவறையிலும் அவ்வகை ஆலை எழுந்தது. இந்தியாவில் கடற்கரைத் தாது மணல் தொழிலின் தொடக்கம் இதுவே. கண்டறிந்தவரின் பெயரை நூல்கள் பதிவு செய்துள்ளன. மணல் ஒட்டிய கயிற்றைத் திரித்த பெண்களின் உழைப்பு அக்கண்டுபிடிப்பின் முதற்கண்ணியாக இருந்ததும் அதே அளவு பதிவுக்குரியது.

ஒரு சிறு அளவுத் தாதுவைத் தேடி ஒருவர் கடல் கடந்து வரும் அளவுக்கு அதன் தேவை பெருகியிருந்ததற்குக் காரணம் எரிவாயு விளக்கு. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபொன் வெல்ஸ்பாக், வேதி உப்புகளில் தோய்த்த துணிவலையைச் சுடரின்மேல் பொருத்தினால் துணி எரிந்துபோய், எஞ்சும் ஆக்சைடுக் கூடு ஒளிவிடும் என்பதை 1885இல் கண்டார். 1891இல் அவர் வகுத்த கலவையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஆக்சைடும் ஒரு பங்கு சீரியம் ஆக்சைடும் இருந்தன. அக்கலவை தந்த வெண்ணிற ஒளி ஐரோப்பிய நகரங்களின் தெருக்களையும் வீடுகளையும் நிறைத்தது. தமிழகத்தில் திருமண ஊர்வலங்களிலும் மீன்பிடி வள்ளங்களிலும் பிற்காலத்தில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் இதே கண்டுபிடிப்பின் வழி வந்தது. இந்த மேண்டில்கள் ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் செய்யப்பட்டதால், தோரியத்துக்கு மூலமான மோனசைட் விலை உயர்ந்த பண்டமாயிற்று. அதுவரை பிரேசிலின் கடற்கரைகளே இச்சந்தையை ஆண்டு வந்தன. ஆனால் பிரேசில் மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு ஏறக்குறைய 6 விழுக்காடே இருக்க, திருவிதாங்கூர் மோனசைட்டில் அது 8 முதல் 10 விழுக்காடு வரை இருந்தது. ஒரே அளவு மணலில் ஒன்றரை மடங்கு தோரியம் கிடைக்கும் என்ற நிலையில், மணவாளக்குறிச்சியின் சரக்கு பிரேசிலின் சரக்கைப் பின்னுக்குத் தள்ளியதில் வியப்பில்லை. தோரியத்தைப் பிரித்தபின் கழிவாக எஞ்சிய சீரியமும் வீணாகவில்லை. அதை இரும்போடு சேர்த்துத் தீப்பொறி தரும் கல்லாக்கும் முறையையும் வெல்ஸ்பாக்கே 1903இல் உருவாக்கினார்.

1914இல் முதல் உலகப்போர் மூண்டபோது இத்தொழிலில் ஜெர்மானிய முதலீடும் ஜெர்மானிய வாங்குவோரும் வகித்த இடம் பிரிட்டிஷ் அரசுக்குப் பெருங்கவலையாயிற்று. பிரிட்டிஷ் மேலாதிக்கத்துக்கு உட்பட்ட ஒரு சமஸ்தானத்தின் கடற்கரைத் தாது, எதிரி நாட்டு ஆலைகளுக்குச் செல்லும் ஏற்பாடு நீடிக்க வழியில்லை. ஷோம்பர்க் ஜெர்மானிய ஒற்றர் என்ற குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். அவர் நிறுவிய ஆலைகள் முடங்கின. பின் தொழில் பிரிட்டிஷ் நிறுவனங்களின் கைக்கு மாறியது. அவற்றுள் ஹாப்கின் அண்டு வில்லியம்ஸ் நிறுவனத்தின் பெயர் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு இக்கடற்கரையோடு இணைந்தே வழங்கி வந்தது. உரிமையாளர் மாறினார்கள் என்பதைத் தவிர, தாதுவைக் கப்பலேற்றி மூலப்பொருளாகவே அனுப்பும் முறையில் எந்த மாற்றமும் ஏற்படவில்லை.

போருக்குப் பின் டங்ஸ்டன் இழை பொருத்திய மின்விளக்கு பரவியதால் எரிவாயு விளக்கின் காலம் முடிவுக்கு வந்தது. மோனசைட்டின் சந்தையும் சுருங்கியது. அத்துடன் ஊரின் தொழிலும் மறைந்திருக்கக்கூடும். ஆனால் அதுவரை பொருட்படுத்தப்படாத கருநிற இல்மனைட்டுக்கு அதே வேளையில் புதிய தேவை பிறந்தது. வெண்ணிறப் பூச்சுக்கு நெடுங்காலம் பயன்பட்டு வந்த ஈயவெள்ளை, அதைக் கையாளும் தொழிலாளரின் உடலில் நஞ்சாக ஏறியது. கட்டடங்களின் உட்புறப் பூச்சில் அதைத் தடைசெய்யும் உடன்பாட்டைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1921இல் ஏற்றுக்கொண்டது. நார்வேயிலும் அமெரிக்காவிலும் அதற்குச் சற்று முன்புதான் டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெண்பொடி வணிக அளவில் செய்யப்படத் தொடங்கியிருந்தது. நஞ்சற்றதும், மெல்லிய பூச்சிலேயே அடிநிறத்தை மறைக்க வல்லதுமான அப்பொடிக்கு மூலம் இல்மனைட். கருமணலிலிருந்து தூய வெண்மை பிறக்கும் இந்த வேதிவினையே 1922 முதல் திருவிதாங்கூர் இல்மனைட்டைக் கடல் கடக்கச் செய்தது. இங்கும் இயற்கை ஒரு சலுகையைத் தந்திருந்தது. கலப்பற்ற இல்மனைட்டில் டைட்டானியம் டை ஆக்சைடு ஏறக்குறைய 52.6 விழுக்காடே இருக்க வேண்டும். ஆனால் வெயிலிலும் மழையிலும் நெடுங்காலம் கிடந்து இரும்பின் ஒரு பகுதியை இழந்ததால், மணவாளக்குறிச்சி இல்மனைட்டில் அது 55 விழுக்காடாகவும், சவறை இல்மனைட்டில் 60 விழுக்காடாகவும் உயர்ந்து நிற்கிறது. 1930களின் இறுதியில் உலகின் இல்மனைட் தேவையில் பெரும்பகுதியைத் திருவிதாங்கூரின் கடற்கரைகளே நிறைவு செய்தன. இரண்டாம் உலகப்போரில் இந்தியாவிலிருந்து கப்பல் வரத்து தடைபடும் என்ற அச்சம் எழுந்ததனால்தான், நியூயார்க் மாநிலத்து மலைப்பகுதியான டாஹாவஸில் டைட்டானியச் சுரங்கத்தை அமெரிக்கர்கள் அவசரமாகத் திறந்தனர் என்பது, இச்சிறு கரைத்துண்டின்மேல் எத்தனை பெரிய தொழில் சாய்ந்திருந்தது என்பதைக் காட்டும்.

1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு வீசப்பட்டபின், கைவிடப்பட்டுக் கிடந்த மோனசைட்டின் நிலை ஒரே நாளில் மாறியது. தோரியம் தானாகப் பிளவுபடும் எரிபொருள் அன்று. ஆனால் அணு உலையில் நியூட்ரானை ஏற்று, பிளவுபடக்கூடிய யுரேனியம்-233 ஆக மாறும் இயல்புடையது. அக்காலத்தில் யுரேனியம் உலகில் மிக அரியதாகக் கருதப்பட்டதால், வல்லரசுகளின் பார்வை மீண்டும் திருவிதாங்கூரின் மேல் விழுந்தது. அன்றைய திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர், மோனசைட் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, தாதுவைக் கேட்கும் நாடு அதைப் பதப்படுத்தும் ஆலையையும் சமஸ்தானத்திலேயே அமைத்துத்தர வேண்டும் என்ற நிபந்தனையை முன்வைத்துப் பிரிட்டனோடு பேரம் நடத்தினார். 1947 ஜூன் 11 அன்று திருவிதாங்கூர் தனிநாடாக நிற்கும் என அவர் அறிவித்ததன் பின்னணியில், இந்தத் தோரியம் தரும் பேரம் பேசும் வலிமையின் மேல் அவர் வைத்த நம்பிக்கையும் இருந்தது. இதைக் கண்டு ஹோமி பாபா, சாந்தி ஸ்வரூப் பட்நாகர் முதலிய அறிவியலாளரும் இந்தியத் தலைவர்களும் கவலை கொண்டனர். ஜூலை 25இல் திவான்மீது நடந்த கொலை முயற்சிக்குப் பின் சமஸ்தானம் இந்தியாவோடு இணைய ஒப்பியது; தனிநாட்டுத் திட்டம் அத்துடன் முடிந்தது. சர் சி. பி.யின் தனிநாட்டு முயற்சியை ஏற்பதற்கில்லை எனினும், மூலப்பொருளாக மட்டும் மணலை விற்கக்கூடாது என்ற அவரது நிலைப்பாடு, அவருக்கு முன் இத்தொழிலை ஆண்ட எவருக்கும் தோன்றாத சரியான நிலைப்பாடே ஆகும்.

அந்த நிலைப்பாட்டை விடுதலை பெற்ற இந்தியா தன்னுடையதாக்கிக்கொண்டது. 1948இல் அணுசக்திச் சட்டம் இயற்றப்பட்டு அணுசக்தி ஆணையம் அமைந்தது. 1950 ஆகஸ்டு 18 அன்று மத்திய அரசும் திருவிதாங்கூர்-கொச்சி அரசும் கூட்டாக இந்திய அருமண் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. மோனசைட்டைப் பதப்படுத்தும் அதன் முதல் ஆலையை ஆலுவாயில் 1952 டிசம்பர் 24 அன்று ஜவாஹர்லால் நேரு திறந்து வைத்தார். யுரேனியம் குறைவாகவும் தோரியம் மிகுதியாகவும் உள்ள நாட்டுக்கு ஏற்றதென்று பாபா வகுத்த மூன்று கட்ட அணுமின் திட்டத்தின் இறுதிக் கட்டம், இந்தக் கடற்கரை மணலையே அடித்தளமாகக் கொண்டது. இதனிடையே 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தென் திருவிதாங்கூரின் தமிழர் நடத்திய நெடிய போராட்டத்தின் பயனாகக் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மணல் தமிழ்நாட்டிலும் அதைப் பதப்படுத்தும் ஆலை கேரளத்திலுமாகப் பிரிந்தன. 1963இல் முழுமையான மத்திய அரசு நிறுவனமாகிய இந்திய அருமண் நிறுவனம், 1965இல் மணவாளக்குறிச்சியிலும் சவறையிலும் இருந்த தனியார் தொழிலைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. மக்கள் வழக்கில் மணல் ஆலை என வழங்கும் இன்றைய ஆலையின் கதை இந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறது.

ஆலையின் செயல்முறை, தாதுக்களின் இயற்பியல் வேறுபாடுகளை ஒவ்வொன்றாகப் பயன்படுத்துவதேயாகும். கரையிலிருந்தும் உட்பகுதிப் படிவுகளிலிருந்தும் வரும் மணல், முதலில் நீரோடு கலந்து சுருள்வடிவக் கால்வாய்களில் விடப்படும்போது, கனமுள்ளவை உள்விளிம்பிலும் கனமற்றவை வெளிவிளிம்பிலும் ஓடிப் பிரிகின்றன. பின்னர் உலர்த்தப்பட்ட கனமணல் மின்னேற்றமுள்ள உருளைகளின் மேல் விழும்போது, மின்கடத்தும் இல்மனைட்டும் ரூட்டைலும் ஒரு புறமும், மின்கடத்தாத சிர்கான், மோனசைட், கார்னெட், சிலிமனைட் ஆகியவை மறுபுறமும் ஒதுங்குகின்றன. அடுத்து வரும் காந்தங்கள், வலுவாக ஈர்க்கப்படும் இல்மனைட்டை ஈர்க்கப்படாத ரூட்டைலிலிருந்தும், மெலிதாக ஈர்க்கப்படும் மோனசைட்டை ஈர்க்கப்படாத சிர்கானிலிருந்தும் பிரித்தெடுக்கின்றன. வேதிப்பொருள் எதுவும் சேராத இந்தப் பிரிப்பு, தொழில்நுட்ப நோக்கில் எளிமையும் நேர்த்தியும் உடையது. ஆனால் பிரித்தெடுத்த இல்மனைட் வண்ணப்பொடியாவதும், மோனசைட் அருமண் உப்புகளாவதும் வேறு ஊர்களில் நடப்பதால், மணலின் மதிப்பு பன்மடங்காகும் கட்டம் இவ்வூருக்கு வெளியிலேயே அமைந்துவிட்டது. ஊருக்குக் கிடைத்தவை ஆலை வேலைகளும், மணல் வாரும் கூலியும், சுமையேற்றத் தொழிலும், நிறுவனம் செய்து தரும் சில நலப்பணிகளுமே.

கடற்கரை என்பது மீனவருக்கு வெறும் மணல்வெளி அன்று. கரமடி இழுப்பதற்கும், வள்ளத்தையும் கட்டுமரத்தையும் ஏற்றி வைப்பதற்கும், வலை உணத்துவதற்கும், மீன் காயப்போடுவதற்கும், ஏலம் கூறுவதற்கும் உரிய பணியிடம் அது. கரையிலிருந்து பலர் கூடி இழுக்கும் பெருவலையாகிய கரமடிக்கு அகன்ற, சரிவு குறைந்த கரை இன்றியமையாதது; கரை ஒடுங்கும் ஊரில் அந்தத் தொழிலும் ஒடுங்குகிறது. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரை நெடுகிலும் கடலரிப்பு வீடுகளையும் சாலைகளையும் விழுங்கி வருவதற்கு மணல் எடுப்பது ஒன்றே காரணம் எனக் கூறிவிட இயலாது. துறைமுகக் கட்டுமானங்களும், ஓர் ஊரைக் காக்கக் கட்டிய தடுப்புச்சுவரும் தூண்டில் வளைவும் அடுத்த ஊரின் மணலைத் தடுப்பதும் இதில் சேர்ந்துள்ளன. எனினும், மலையிலிருந்து ஆறுகள் கொண்டுவரும் மணல் அணைகளால் குறைந்துவிட்ட நிலையில், கரையிலிருந்து எடுக்கப்படும் ஒவ்வொரு பங்கும் ஈடு செய்யப்படாத இழப்பே என்று மீனவர் கூறுவதில் நியாயம் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை குளச்சல், கொட்டில்பாடு, மணவாளக்குறிச்சிக் கரைகளில் பேரழிவை விளைவித்த பின், மணல்மேடு என்பது உயிர்காக்கும் அரண் என்ற உணர்வு இம்மக்களிடம் மேலும் உறுதிப்பட்டது.

தோரியம் உள்ள மணலின் மேல் வாழ்வதனால் வரும் கதிரியக்கமும் இவ்வூரின் வரலாற்றில் ஒரு பகுதி. உலகில் ஒருவர் இயற்கையாகப் பெறும் கதிர்வீச்சு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் என்று கணக்கிடப்படுகிறது. மோனசைட் செறிந்த கரைகளில் அது இதைப் பன்மடங்கு மிஞ்சுகிறது. இதே வகை மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் ஏறக்குறைய 70,000 பேரைப் பத்தாண்டுகளுக்கும் மேல் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு, இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த இடங்களில் புற்றுநோய் கூடுதலாகக் காணப்படவில்லை என்று 2009இல் தெரிவித்தது. மோனசைட்டைப் பிரித்துவிட்டு எஞ்சிய மணலைத் திருப்பிக் கொட்டுவதனால் கரையின் கதிர்வீச்சு குறைகிறது என்று நிறுவனமும் கூறி வருகிறது. மறுபுறம், தங்கள் ஊர்களில் புற்றுநோய் மிகுந்திருப்பதாக மணவாளக்குறிச்சிக் கரையின் மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். கருநாகப்பள்ளியின் முடிவை அப்படியே எடுத்துவந்து இம்முறையீட்டுக்கு விடையாக்குவது அறிவியல் முறையாகாது. கண்டறியப்பட வேண்டியது இந்த ஊர்களின் நிலை.

கடந்த சில ஆண்டுகளில் இந்த மணலின் மதிப்பு நான்காம் முறையாக உயர்ந்துள்ளது. மோனசைட்டில் தோரியத்தோடு சேர்ந்துள்ள நியோடிமியம், பிரசியோடிமியம் ஆகிய அருமண் தனிமங்கள், மின்வாகன மோட்டாருக்கும் காற்றாலைக்கும் தேவையான வலுமிக்க நிலைக்காந்தங்களின் மூலப்பொருள். 2013இல் தமிழக அரசு தனியாரின் கடற்கரைத் தாதுமணல் எடுப்பை நிறுத்தியபின், மாநிலக் கரையில் இத்தொழில் மத்திய அரசு நிறுவனத்திடமே நிலைத்தது. கிள்ளியூர் வட்டத்தின் கடலோர ஊர்களில் ஏறக்குறைய 1,144 எக்டேர் பரப்பில் மணல் எடுக்க முன்வைக்கப்பட்ட திட்டத்துக்கு 2024இல் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டபோது, மீனவரும் உழவரும் ஒன்றுசேர்ந்து எதிர்க்க, அக்கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் சீனா சில அருமண் தனிமங்களின் மீதும் அவற்றால் ஆகும் காந்தங்களின் மீதும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபின், குமரிக் கடற்கரையின் மணலுக்கான தேவை இன்னும் வலுவாக ஒலிக்கிறது.

ஆதலால், புதிய குத்தகை எதற்கும் முன்னர், மணவாளக்குறிச்சியில் நூற்றாண்டுக்கும் மேலாக நடந்த மணலெடுப்பின் கரைமாற்ற அளவீடுகளையும், கதிர்வீச்சு அளவீடுகளையும், நோய்ப்பதிவுகளையும் ஊர்வாரியாகத் தொகுத்து, தமிழில் அச்சிட்டு, அந்தந்த ஊர்மக்கள் மன்றத்தின் முன் மத்திய அரசும் மாநில அரசும் வைக்க வேண்டும்; காந்தமும் வண்ணப்பொடியும் செய்யும் ஆலைகளை இம்மாவட்டத்தில் அமைப்பது பற்றிய முடிவையும், கரையின் எந்தப் பகுதியைத் தொடவே கூடாது என்ற முடிவையும் அந்த மன்றங்களோடு சேர்ந்தே எடுக்க வேண்டும்.